நூறு வட்டம்

கும்மிடிப்பூண்டி
10.11.2024

அன்புள்ள அருணா,

நான் நலம். நீயும் உன் நைனாவும் நலம்தானே? போன் அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். நேரில் பேசினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து வீட்டில் ரப்பர் வாஷர்களின் ஓரத்தில் நீட்டியிருக்கும் பிசிறை வெட்டுகிறேன். சாக்குச் சாக்காக வருகிறது. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் ஏன் எப்போதும் வர்க்கமே வருகிறது என்று கேட்டிருந்தாயே. ஒரு வாஷர் வை. அதற்கு வலது பக்கமும் கீழேயுமாக மூலையைச் சுற்றி மூன்று வை. சதுரம் ஆகிவிடும். அதைச் சுற்றி ஐந்து. பெரிய சதுரம். அடுத்து ஏழு. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதே. படத்தை வரை.

அடுத்த வருஷம் நான் பத்தாவது தனித்தேர்வு எழுத அம்மா சம்மதித்திருக்கிறாள். நீ கணக்கு அனுப்பிக்கொண்டே இரு. எனக்குப் பள்ளிக்கூடம் அதுதான்.

உன் பூமிகா


ஆர்.கே.பேட்டை
5.1.2025

பூமி,

அரையாண்டில் அந்தக் கணக்கு வந்தது. ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை ஒற்றைப்படை எண்களின் கூடுதல். நீ சொன்னபடி படம் வரைந்தேன். நூறு வட்டம். முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மீதிக் கணக்குகளைத் தொடவேயில்லை.

கணக்கு சார் தாளை வகுப்புக்கே காட்டினார். "இன்னாம்மா, மார்கழின்னு கோலம் போட்டுகினு இருந்தியா?" என்றார். இப்போது எல்லோருக்கும் நான் கோலம்தான்.

ஃபெயில். "இன்னொரு வாட்டி கோட்ட வுட்டா, நீயும் அந்தப் பொண்ணு மாதிரி ஊட்லயே கெட" என்று நைனா சொல்லிவிட்டார். உன்னைத்தான் சொன்னார். கோபித்துக்கொள்ளாதே.

இனி மனப்பாடம்தான். நீ விளக்கம் எழுதி அனுப்பாதே, பூமி. படித்தால் யோசிக்கத் தோன்றுகிறது. யோசித்தால் நேரம் போய்விடுகிறது.

அருணா


கும்மிடிப்பூண்டி
21.1.2025

அன்புள்ள அருணா,

நாலு வரிசை போட்டாலே புரிந்துவிடும், நூறையும் வரைய வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாஷரை வைத்துப் பார்க்கிற எனக்கு மணி அடிப்பதில்லை. பரீட்சையில் மணி அடிக்கும் என்பதே மறந்துவிட்டது.

மனப்பாடமே செய். உனக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது, பாஸ் ஆகிவிடுவாய். நைனா சொன்னதில் தப்பில்லை. நான் வீட்டில்தானே இருக்கிறேன்.

தனித்தேர்வு வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "இன்னாத்துக்குடி?" என்றாள். அடுத்த சாக்கை அவிழ்த்தேன்.

நேற்று பிசிறு வெட்டும்போது கை தானாக மூலையைச் சுற்றி வாஷர்களை வைத்துக்கொண்டே போயிருக்கிறது. அம்மா வருவதற்குள் கலைத்துச் சாக்கில் அள்ளிப் போட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். பாஸ் ஆனதும் அம்மா போனுக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடு. நாங்கள் எடுக்க மாட்டோம்.

பூமிகா