மஞ்சள் வார், சிவப்பு வார்

திரிப்போலி,
பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம்.

அன்புள்ள மிஃப்தாஹ் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி சிராஜ் எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. போனில் கேட்டால் நலம் என்கிறாய், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டால் சிக்னல் போய்விடுகிறது. செய்தி அனுப்பினால் ஒரு இதயப் படம் வருகிறது. அதனால்தான் காகிதம். எதிர்வீட்டு முனீர் பல் கட்டிக்கொள்ள இஸ்தான்புல் வருகிறான். நீ படித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

உம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன் என்கிறாள். உன்னைப் பற்றி அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அங்க பஸீன் களி கிடைக்குதாடா? அவன் வேற எதையும் வயிறு நிறைய திங்கமாட்டானே." கிடைக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கரண்ட் பழைய கதைதான்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதே, எல்லாம் உன்னிடம்தான் வந்து நிற்கும். கர்காரிஷ் தெருவில் கேமரா இறக்குமதி செய்யும் ஹாஜ் ரமதான் என்னை அமர்த்தியிருக்கிறார். கேமராவின் கழுத்து வார் எந்தக் கம்பெனி நிறம் என்று பார்த்து மஞ்சள், சிவப்பு என்று நீங்கள் படக்காரர்கள் பிரிந்துகொண்டு போடும் சண்டைதான் இப்போது எனக்குச் சம்பளம் தருகிறது. யார் எந்தக் கம்பெனியை விடாமல் பிடித்திருக்கிறார்கள், யாரிடம் இரண்டு கம்பெனியும் இருக்கிறது, ஏன்? இதுதான் அவருக்குத் தெரியவேண்டும். மிஸ்ராத்தா வரைக்கும் போய் நானூறு படக்காரர்களைக் கேட்டேன்.

சொன்ன காரணமெல்லாம் பொய். தெரிந்து சொல்லும் பொய் இல்லை, அவர்களே நம்பிக்கொண்டிருக்கும் பொய். மஞ்சளில் தோல் நிறம் நன்றாக வரும் என்கிறான் ஒருவன். அதே படத்தைச் சிவப்பு என்று சொல்லிக் காட்டினால் தூ என்கிறான். விலை, தரம், பழுதுபார்க்கும் வசதி எதுவும் கணக்கில் நிற்கவில்லை. நின்றது ஒரே ஒரு கேள்வி: அவசரத்துக்கு யாரிடம் லென்ஸ் வாங்குவாய்? அந்த ஆள் மஞ்சள் என்றால் இவனும் மஞ்சள். மஞ்சள் லென்ஸ் சிவப்புக் கேமராவில் பூட்டாது, அவ்வளவுதான். இவர்கள் கம்பெனிக்கு விசுவாசமாக இல்லை. பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு விசுவாசமாக இருக்கிறார்கள்.

ஹாஜிக்கு இது பிடிக்கவில்லை. "மஞ்சளுக்குத் தள்ளுபடி போட்டா சிவப்புக்காரன் வருவானா மாட்டானா? அத மட்டும் சொல்லு" என்றார். வரமாட்டான் ஹாஜி, அவன் மச்சான் சிவப்பு என்றேன். "அப்ப மச்சானுக்கும் சேத்துத் தள்ளுபடி போடணுமா? நான் கடை நடத்துறேனா, சம்பந்தம் பேசுறேனா?" என்று கத்தினார். உதாரணம் சொல்லு என்றார். உன்னையும் அண்ணியையும்தான் சொன்னேன், இரண்டு பேரும் மஞ்சள். கல்யாணத்தில் பெண்கள் கூடத்தில் அண்ணி, ஆண்கள் கூடத்தில் அண்ணன், நடுவில் திரை. அவர்களிடம் கூட்டத்தை எடுக்க அகல லென்ஸ் ஒன்று, முகத்தை எடுக்க முக லென்ஸ் ஒன்று. அவள் கை திரைக்கு வெளியே ஒன்றை நீட்டும், இவன் வாங்கிக்கொண்டு மற்றதைக் கொடுப்பான், இருவரும் முகம் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. இவர்களை எந்தத் தள்ளுபடி பிரிக்கும் என்று கேட்டேன். ஹாஜி என் கேள்வித்தாளை இழுத்துப் புரட்டி, "சரி, ரெண்டும் வச்சிருக்கிறவன் கதை என்ன?" என்றார்.

அந்தக் கதை இதுதான். இரண்டு கம்பெனியும் வைத்திருப்பவர்கள் ஒரு கைப்பிடி பேர்தான். ஹாஜி அவர்களை ஆசைக்காரர்கள் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர்களை மறுபடி தேடிப் போய்க் கேட்டேன். ஏறக்குறைய எல்லோருமே பழைய கூட்டாளியை விட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள். இரண்டாவது கேமரா வந்த பிறகு பழையது கொஞ்ச நாள் பையில் கிடக்கும். பிறகு விற்றுவிடுவார்கள். வேலைக்காக வாங்கினேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதனால் கேள்வித்தாளில் இன்னொன்று சேர்த்தேன்: கூலி இல்லாத நாளில், உனக்காக எடுக்கும்போது, எந்தக் கேமராவை எடுப்பாய்? அதில் யாராலும் பொய் சொல்ல முடியவில்லை, புதியதை என்றார்கள்.

நோன்பு மாதத்தில் நீ ஒரு படம் அனுப்பினாய், நினைவிருக்கிறதா? படகுத்துறை, விளக்குகள். "இன்று லீவு, சும்மா நடந்தேன்" என்று எழுதியிருந்தாய். உம்மா போனை முத்தமிட்டாள். அண்ணி வாங்கி விளக்கைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சிராஜ், இது நம்ம மஞ்சள் லென்ஸ் இல்ல" என்றாள்.

போனில் எடுத்திருப்பான் அண்ணி என்றேன்.

"யாருகிட்ட சொல்ற? பத்து வருஷமா ஹால் விளக்கையே எண்ணிக்கிட்டிருக்கிறவ நான். மஞ்சள் லென்ஸ்ல விளக்குக்குப் பதினெட்டுக் கதிர் வரும். இதுல எட்டு. உங்கண்ணன் சிவப்புக்குப் போயிட்டாரு" என்று சிரித்தாள். சிவப்புக்காரன் எடுத்தால் மணப்பெண் தக்காளி மாதிரி இருப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். சிரித்துவிட்டு எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். எப்போதும் போடும் பாதாமை மறந்துவிட்டாள்.

உன்னைக் கேட்டோம். வேலை பார்க்கும் ஸ்டூடியோவின் கேமரா என்றாய். அண்ணா, ஸ்டூடியோ கேமராவை லீவு நாளில் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடலோரம் நடந்த ஒருவனையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் கேட்டாள்: "உன் கணக்குல அவரு எங்க வர்றாரு?" இரண்டும் வைத்திருப்பவர்கள் வரிசையில் என்றேன். "அதுக்குப் பழசு கையில இருக்கணுமேடா. இருக்கா, வித்துட்டாரா?" எனக்குத் தெரியவில்லை. அந்த வரிசையில் இருப்பவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவை மூடி வைத்தேன். அவளோ இரண்டு இருந்தால் போதும் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

போன வியாழக்கிழமை பெருநாளுக்குப் பிறகு முதல் கல்யாணம். உனக்குப் பதிலாக ஆண்கள் பக்கத்துக்கு ஹாதிமைக் கூப்பிட்டிருந்தோம். அவன் சிவப்பு, நல்லவன். அவனவன் லென்ஸ் அவனவனிடம், மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம். நான் பை காக்க நின்றேன். மணப்பெண் உள்ளே வந்ததும் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. அப்போது திரைக்கு வெளியே அண்ணியின் கை வந்தது, அகல லென்ஸோடு. ஹாதிம் பக்கத்தில்தான் நின்றான். பழக்கத்தில் வாங்கிவிட்டான். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது எனக்குப் பூட்டாதே" என்றான். குலவையில் அவளுக்குக் கேட்கவில்லை. கை உள்ளே போகவில்லை. விரித்தபடி, மற்ற லென்ஸுக்காக அப்படியே காத்திருந்தது. அவன் என்னைப் பார்த்தான், நான் பையைப் பார்த்தேன். பையில் ஒன்றும் இல்லை, நீ விட்டுப்போன முக லென்ஸும் உள்ளே அவளிடமே இருந்தது. கடைசியில் அந்த லென்ஸையே திரும்ப அவள் கையில் வைத்தேன். விரல்கள் அதைத் தடவிப் பார்த்தன. பிறகு கை உள்ளே போனது.

முடிந்து வெளியே வந்ததும் அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹாதிம்தான் பேசினான். அவன் குழுவுக்குப் பெண்கள் பக்கம் ஆள் வேண்டும், சீசன் முழுக்க வேலை இருக்கும், ஆனால் கேமரா மாற்ற வேண்டும் என்றான். "என் மனைவி உன்னைத் திட்டுவா, நீ சொன்ன தக்காளிக் கதை அவ காதுக்கும் வந்தாச்சு. ஆனா வா" என்றான். அண்ணி யோசிப்பதாகச் சொன்னாள். வண்டியில் வரும்போது, முனீர் திரும்பி வரட்டும், பிறகு லென்ஸ்களை விற்க ஹாஜி கடைக்கு எடுத்து வருகிறேன் என்றாள். பழையதை விலை மதிப்பது அங்கே நான்தான். கண்ணாடியில் கீறல் பார்த்து, வளையத்தைச் சுற்றிப் பார்த்து உங்கள் இருவரின் பொருளுக்கு நான் விலை சொல்ல வேண்டும்.

வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ வருவாய் என்று என் கணக்கு சொல்லவில்லை. என் கணக்கு தப்பாகப் போகட்டும் என்று தொழுகையில் கேட்கிறேன், வேறென்ன செய்ய. கேள்வி ஒன்றுதான்: உன் மஞ்சள் கேமரா இன்னும் உன்னிடம் இருக்கிறதா? பதிலை எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது. இதயப் படம் அனுப்பாதே.

கடிதத்தை ஒட்டப் போகும்போது அண்ணி வந்து ஒரு பேட்டரியை வைத்தாள். மஞ்சளுக்கு உரியது. கரண்ட் இல்லாததால் அடுத்த தெரு ஜெனரேட்டர் கடையில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். "அவரோடது தேஞ்சிருக்கும், இதப் போட்டுக்கச் சொல்லு" என்றாள். சிவப்பில் இது பூட்டாது என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். நான் அதை உறைக்குள் வைத்தேன்.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும், உன் கண்ணையும் கையையும் காக்கட்டும். முனீரை வெறுங்கையோடு அனுப்பிவிடாதே அண்ணா.

உன் தம்பி,
சிராஜ்