மனையியல் படித்தவளின் பெட்டிச் செய்தி

10 நவம்பர் 1997, திங்கள்

கல்கத்தா, டாக்குரியா. காலையில் லேசான பனி. கம்பளிகளை வெயிலில் போட வேண்டும்.

பத்திரிகைக்கு வந்த புது ஆசிரியர் எல்லா நிருபர்களிடமும் பயோடேட்டா கேட்டு வாங்கியிருந்தார். இன்று என் முறை. முதல் பக்கத்தில் படிப்பு, இரண்டாம் பக்கத்தில் இருபத்திரண்டு வருட வேலை. அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.

"ஹோம் சயின்ஸா? நெஜமாவா, கமலாதி?" இங்கே எல்லோருக்கும் நான் தீதி, அக்கா.

"ஆமா."

"சணல் மில் விஷயம் இண்டஸ்ட்ரி ஸ்டோரி. எகனாமிக்ஸ் படிச்சவங்க பண்ண வேண்டியது. அபிஜித் எழுதட்டும். உங்க நோட்ஸை அவன்கிட்ட குடுத்துடுங்க."

அபிஜித்: வேலைக்கு வந்து ஏழு மாதம். மில் வாசலை மிதித்ததில்லை. நான் ஐந்து மாதமாகச் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, ஷிப்ட் முடிந்து வரும் பெண்களிடம் பேசி வருகிறேன். பதினோரு பேர். சணல் பிரிக்கும் கூடம், தூசி. பதினோரு பேருக்கும் இருமல். மில் டாக்டர் அத்தனை பேர் சீட்டிலும் எழுதுவது ஒன்றே: ஜலதோஷம். அது அச்சில் வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

11, செவ்வாய்

நோட்டுகள் நான்கையும் கொடுத்தேன். நான் குறிப்பு எடுப்பது எப்போதும் தமிழில். யார் எட்டிப் பார்த்தாலும் பெயர்கள் வெளியே போகாது. ஆசிரியருக்கு இது தெரியாது. என்ன படித்தேன் என்பதோடு அவர் விசாரணை முடிந்துவிட்டது.

மதியம் அபிஜித் வந்து நின்றான். "தீதி, இது என்ன லிபி?"

"தமிழ்."

"நான் எப்படிப் படிக்கிறது?"

"ஏன், எகனாமிக்ஸ்ல சொல்லித்தரலையா?"

அவன் முகம் சிவந்தது. எனக்கு வருத்தம் வரவில்லை. இரவு பல்வலி.

12, புதன்

ஆசிரியர் கணக்குப் பிரிவிலிருந்து வெங்கட்டை வரவழைத்தார். தமிழ்ப் பையன், காளிகாட்டில் பிறந்து வளர்ந்தவன். நோட்டைப் புரட்டினான். பெயர்கள் எல்லாம் அதில்.

"பேசுவேன் மாமி. படிக்க வராது. பெங்காலின்னா குடுங்கோ."

போகும்போது, "ஹோம் சயின்ஸாமே? எழுத்து கோலம் மாதிரி இருக்கு" என்றான். இவனுமா.

கடைசியில் ஆசிரியர்: "சரி, அபிஜித் மேனேஜ்மெண்ட்டைப் பார்த்து எழுதட்டும். நீங்க பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தி குடுங்க. மில் பெண்கள் மத்தியானம் என்ன சாப்பிடறாங்க? முன்னூறு வார்த்தை. உங்க சப்ஜெக்ட் ஆச்சே."

சரி என்றேன்.

13, வியாழன்

மில் வாசல். மதிய இடைவேளை.

சாந்தி: பொரி, வெங்காயம். பாதி மிச்சம்.
மீரா: ரொட்டி இரண்டு, உருளைக்கிழங்கு. ஒன்றரை மிச்சம்.
பேலா: சோறு, பருப்பு. தொடவில்லை.

மற்ற எட்டுப் பேரும் இப்படித்தான். ஏன் என்று கேட்டேன்.

"முழுங்கினா இருமல் வருது, தீதி," என்றாள் சாந்தி. "இருமினா தின்னது வெளிய வருது. தூசிக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது. அது உள்ளயே இருக்கும்."

பேலா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி முடிய நேரம் பிடித்தது.

பெயர் போடலாமா?

"என் பேர் போடுங்க. மத்தவங்க பேர் வேண்டாம். பிள்ளை குட்டிக்காரங்க."

14, வெள்ளி

பெட்டி கொடுத்தாகிவிட்டது. பெயர் சாந்தியுடையது மட்டும். யார் என்ன கொண்டுவந்தாள், எவ்வளவு மிச்சம், ஏன் மிச்சம், டாக்டர் சீட்டில் என்ன. 'ஜலதோஷம்' பதினோரு முறை. சாப்பாட்டைத் தாண்டி ஒரு வரி எழுதவில்லை. சாப்பாடுதானே என்று டெஸ்க்கில் யாரும் கை வைக்கவில்லை.

16, ஞாயிறு

வந்துவிட்டது. அபிஜித்துக்கு ஆறு பத்தி அகலம். ஏற்றுமதி உண்டு, இருமல் இல்லை. என்னுடையது அடியில். தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு கரண்டிப் படம் போட்டிருக்கிறார்கள்.

17, திங்கள்

காலை பதினோரு மணி வரை ஃபோன். எல்லாம் பெட்டியைப் பற்றி. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர் டாக்டர் சீட்டுகளின் நகல் கேட்டார்.

ஆசிரியர் எழுந்து நின்று கை கொடுத்தார். "அற்புதம், கமலாதி. ஹோம் சயின்ஸ் படிச்சவங்களாலதான் இப்படி எழுத முடியும். ஜனவரியிலேருந்து வாராவாரம் ஒரு சமையல் பத்தி தர்றீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்கவில்லை. நாளை மில்லில் காலை ஆறு மணி ஷிப்ட். பெயர் அச்சில் வந்த சாந்தியை உள்ளே விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். அலாரம் மூன்றே முக்கால்.