காலி பாட்டில் திரும்பும் நாட்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். மூடி போடும் இயந்திரத்துக்கு மட்டும் மூட்டு வலி. உன் மாமா தினமும் எண்ணெய் விட்டு வைத்தியம் பார்க்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் வீடியோவில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

நீ அனுப்பிய இரண்டும் வந்து சேர்ந்தன. ஒன்று, நம் நாட்டில் உணவு, பானத் தொழில் இனி எப்படி இருக்கும் என்று நீ எழுதிய அறிக்கை. இன்னொன்று, நம் சோடா கம்பெனியைப் பெரிய கம்பெனிக்கு விற்கும் பத்திரம். அப்பா ஆளுக்குப் பாதியாக எழுதிவைத்துப் போனதில் உன் பாதிக்குக் கையெழுத்து ஆகிவிட்டது. என் இடம்தான் வெறுமையாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் போடாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம்.

அறிக்கையின் நாற்பது பக்கத்தையும் சின்னவள் எனக்குப் படித்துச் சொன்னாள். பாதி இடங்களில் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வரும், வெளியில் சாப்பிடுகிறவர்கள் பெருகுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அத்தனையும் சரி. பேருந்து நிலையத் தெருவில் மட்டும் இந்த வருடம் மூன்று புதுச் சாப்பாட்டுக் கடைகள். பெரிய கம்பெனி கடைகளுக்கு இலவசமாக ஃபிரிட்ஜ் கொடுத்து, வேறு யார் சரக்கையும் அதில் வைக்கக் கூடாது என்கிறது. பெட்டிக்கடை அண்ணன் நம் இஞ்சி சோடாவைக் கீழ்த்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறார். சோதிக்க வந்த கம்பெனி அதிகாரியிடம் கையும் களவுமாக மாட்டியதும், "அது நான் குடிக்க வச்சிருக்கேன் சார்" என்றாராம். "அப்ப எனக்கும் ஒண்ணு குடுய்யா" என்று வாங்கிக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்!

ஆனால் இருபத்தாறாம் பக்கம் வந்ததும் எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. கண்ணாடி பாட்டிலில் அடைக்கிற சின்ன கம்பெனிகள் ஐந்து வருடத்தில் இருக்காது என்கிறாய். அவர்கள் வாங்கும் புது பாட்டில் நான்கு வருடத்தில் பாதியாகிவிட்டது, ஆகவே விற்பனையும் பாதி என்று கணக்கு. போனில் சும்மா விசாரிப்பது போல் என்னிடம் கேட்டு வாங்கிய விவரம்தானே அது? அட மக்குப் பயலே, விற்பனை குறைந்தா புது பாட்டில் குறைந்தது? கழுவும் தொட்டிக்குள் அடியில் ரப்பர் விரிப்பு போட்ட பிறகு பாட்டில் உடைவதே இல்லை. ஒரே பாட்டில் முப்பது தடவை போய்வருகிறது. விரிப்பு போடச் சொன்னது யார்? ஊரை விட்டுப் போவதற்கு முந்தின வாரம் நீதான் சொன்னாய். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தத் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக் கழுவியவனுக்கு அது எப்படி மறந்தது?

நமக்கு அளவுகோல் வேறு. போன சரக்கு எத்தனை நாளில் காலி பாட்டிலாகத் திரும்புகிறது என்பதுதான். நீ இருந்தபோது ஒன்பது நாள். இந்தக் கோடையில் நான்கே நாள். வேன் ஓட்டுகிற நம் புளுகுமூட்டை, "பெட்டிய இறக்கி வச்சுத் திரும்புறதுக்குள்ள காலி பண்ணிடுறாங்கக்கா" என்கிறான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் நல்ல செய்திதான்.

பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "உன் தம்பி படிச்சவன், கையெழுத்தப் போட்டுரு, முதுகு வலியாவது குறையும்" என்று மாமாவும் சொல்கிறார். சொல்லிவிட்டு எண்ணெய்க் குப்பியோடு இயந்திரத்திடம் போய்விடுகிறார். வாங்க வந்தவர்களுக்கு வேண்டியது நம் கிணறும் இடமும்தான். சோடாவை நிறுத்திவிடுவோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பாட்டில் கழுவும் ஆறு பெண்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நான் உள்ளே நுழைந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாகக் கழுவுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பத்திரத்தை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஒரு நான்கு நாள் இங்கே வந்து நில். வேன் போவதையும் வருவதையும் நீயே பார். அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், உன் எதிரிலேயே முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுகிறேன்.

விடுமுறை முடிந்து அங்கே திரும்பும் உன் நண்பரிடம் இந்தக் கடிதத்தோடு ஓர் இஞ்சி சோடாவும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். குளிர வைத்துக் குடி. ஆனால் பாட்டிலை எறிந்துவிடாதே. கடைக்காரர்களுக்குச் சொல்வதுதான் உனக்கும்: காலி பாட்டில் திரும்பி வந்தாக வேண்டும். தபாலில் போட்டால் உடைந்துவிடும், கையில்தான் கொண்டுவர வேண்டும். நீ போய் நான்கு வருடம் ஆகிறது, தம்பி. எந்தக் கடைக்காரருக்கும் நான் இவ்வளவு தவணை கொடுத்ததில்லை.

நோய்நொடி இல்லாமல், மனம் குளிர்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

வாசலில் வேன் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கும்,
உன் அக்கா