விழா முடியாத தொண்டை மாஸ்க்

மார்ச் 3, திங்கள்

பெட்டி வந்துவிட்டது! குழந்தைகளுக்கான தொண்டை மாஸ்க். நான் மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருப்பது அதுதான். எங்களிடம் இருந்த ஒரே சின்ன மாஸ்க், ஒருமுறை போட்டுவிட்டு எறிய வேண்டியது. கழுவிக் கழுவிப் போட்டதில், ஓரத்தில் காற்று கசிகிறது. போன வாரம் ஒரு குழந்தைக்கு உதடு நீலமாகி, மாஸ்கை உருவிவிட்டு, கடைசிவரை தாடையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். இனி அதைத் தொடமாட்டேன்.

புதுப் பெட்டியைப் பிரிக்கப் போனேன். ஆஸ்பத்திரி நிர்வாகி முசுக்வா பாய்ந்து வந்தார்.

"தம்பி, கைய எடு! ஒப்படைப்பு விழா இன்னும் நடக்கல."

"அதான் வந்துடுச்சே சார்?"

"வந்திருக்கு. இன்னும் கிடைக்கல."

கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, ரிப்பனும் கட்டிவிட்டார்.

மார்ச் 5

தவோங்காவுக்கு நாலு வயசு. குடலிறக்கம். அழுதால் வெளியே வருகிறது, ஒவ்வொரு முறையும் உள்ளே தள்ளுவது கஷ்டமாகிறது. ஒருநாள் போகவே போகாது, குடல் செத்துவிடும். அவள் அம்மா நியோண்டோ எங்கள் சுகாதாரக் கமிட்டித் தலைவி; மரியாதையாக எல்லோருக்கும் 'மாயி'. வெள்ளிக்கிழமை விழா முடிந்ததும் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 7

பந்தல், பாட்டுக்குழு, பொரித்த ஆட்டுக்கறி எல்லாம் வந்தது. துணை அமைச்சர் வரவில்லை. செவ்வாய்க்குத் தள்ளிவைப்பு. ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடந்த குழந்தை, கறி தின்னும் அதிகாரிகளை ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டிருந்தது. நானும்தான்.

மார்ச் 9

மறுபடி வெளியே வந்துவிட்டது. வெகுநேரம் போராடித் தள்ளினோம். கண்ணாடியை உடைக்கவா? உடைத்தால் வேலை போகும். உடைக்காவிட்டால்? — என்ன நாடு சார் இது!

மார்ச் 11, செவ்வாய்

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

அமைச்சர் வரவில்லை, தன் சார்பில் மாவட்ட ஆணையரை அனுப்பினார். ஆணையர் தன் சார்பில் ஒரு அதிகாரியை அனுப்பினார். அதிகாரியின் வண்டி பாதிவழியில் டீசல் இல்லாமல் நின்றது. போனில் சொன்னாராம்: "உள்ளூர்ல யாராவது கமிட்டி ஆள வச்சு முடிங்க. போட்டோ மட்டும் அனுப்புங்க."

முசுக்வா சுற்றும்முற்றும் பார்த்தார். மாயி நியோண்டோ தூங்குகிற குழந்தையை என் தோளில் போட்டுவிட்டு எழுந்தார்.

"குடுங்க அந்தப் பேச்சை."

அமைச்சர் பேசுவதற்காக எழுதி வைத்திருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். "நான் துணை அமைச்சராகப் பொறுப்பேற்ற நாள் முதல்..." பெண்கள் குலவையிட்டார்கள். "எங்க வீட்டுக்கு ரோடு போடும்மா அமைச்சரே!" என்று யாரோ கத்தினார்கள். "ஆகட்டும், பாக்கலாம்," என்றார் இவர், அப்படியே அமைச்சர் மாதிரி.

"இந்த மாவட்டத்தில் இனி எந்தக் குழந்தையும் சிகிச்சைக்குக் காத்திருக்காது" என்ற வரியில் நின்றார். முசுக்வாவைப் பார்த்தார்.

"எழுதினது யாரு?"

"நான்தான் மாயி."

"நல்லா எழுதியிருக்கே. சாவிய எடு."

போட்டோ எடுத்தார்கள். ரிப்பன் வெட்டுப்படுமுன் நான் அலமாரியைத் திறந்துவிட்டேன், ரிப்பன் அவிழ்ந்துவிட்டது. அதை மறுபடி கட்டி வெட்டினார்கள்.

மாஸ்க் முதல் முயற்சியிலேயே கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு கசிவும் இல்லை. ஆபரேஷன் முழுக்க என் இரண்டு கைகளும் சும்மா இருந்தன. எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விழித்ததும் தவோங்கா என்னை எட்டி உதைத்தாள். நல்ல பலம்.

மார்ச் 12

வீட்டுக்குப் போய்விட்டாள், நடந்தே.

மார்ச் 20

ஆபரேஷன் அறைக்குப் புது விளக்குகள் வந்திருக்கின்றன. முசுக்வா அறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, மாயி நியோண்டோவுக்கு நாளைக்குக் காலையில நேரம் இருக்குமா?"