பையை விட்டு இறங்காத கடிதம்

மருமகன் சிறிலுக்கு,

மாமன் நான் சொல்லச் சொல்ல, என் மகன் சூசையின் மகள் எழுதுகிறாள்.

இங்கிலாந்து மகாராணி கப்பலில் இலங்கைக்கு வந்துபோன வருசம். கண்டிப் பள்ளியில் ரக்பி ஆடிவிட்டு நீ தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தாய். நம் லயத்து வீடெல்லாம் உன் ஓட்டத்தைத்தான் பேசியது. சூசையும் ஓடுவான், அவன் கைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திதான் கிடைத்தது.

தோட்டத்துத் தபால் பை சுமந்த என்னிடம் வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒரு கடிதம் தந்தார். "சனிக்கெழமை கிளப்புக்கு ஆடணும், சிறில்கிட்ட குடு" என்றார். வயிறு எரிந்தது. நான் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை சின்னத்துரை கேட்டார். "அவனுக்கு வெள்ளைக்காரங்களோட ஆட இஷ்டமில்லீங்க தொரை" என்றேன். அப்புறம் அவர் உன்னைக் கூப்பிடவே இல்லை. "தொரைமாரு நம்ம புள்ளைய சேப்பாங்களா மச்சான்?" என்று உன் அப்பா என் தோளில்தான் சாய்ந்து அழுதார்.

மூன்று வருசம் கழித்துத்தான் நீ கொழும்பில் ஆடினாய். பேப்பரில் உன் படம் பார்த்தபோதும் எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

போன மாசம் உன் அப்பாவுக்கு மண் போடும்போதும் எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை, பிரித்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. சின்னத்துரை சீமையில் செத்துப்போனார். சூசையும் போய்விட்டான். இதைக் கேட்க வேண்டியவர்களில் மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான், சிறில்.

உன் தாய்மாமன்