ஏழு மணி நேரத்தில் வருகிற மகளுக்கு

கீழ்ப்பட்டு, புத்தூர் வழி
25-4-1960

சௌபாக்கியவதி ரத்தினத்துக்கு நைனா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. கங்கம்மா தயவில் இங்கே எல்லோரும் சுகம், நீ வருகிறாய் என்றதும் உன் அம்மாவின் முழங்கால் வலிகூடப் போன இடம் தெரியவில்லை. சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நன்றாக இருக்க வேண்டும். முதல் கடிதத்தில், மே பதினோராம் தேதி விமானம் ஏறுகிறோம் என்று மட்டும் எழுதியிருந்தாய். கல்யாணமாகி நீ கப்பலில் போனபோது ஒரு வாரம் ஆயிற்று. விமானமானாலும் தாண்டுவது அதே கடல்தானே என்று நானும் அதே கணக்கைப் போட்டு, நம் ஊர்க் கங்கம்மா ஜாத்திரைக்கு நாள் குறிக்கிற கூட்டத்தில், பத்தாம் தேதி காப்புக் கட்டிப் பதினெட்டில் அவிழ்க்கலாம், என் பெண் அதற்குப் பிறகுதான் வருவாள் என்று முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு சொன்னேன். தமுக்கும் அடித்தாயிற்று. நேற்று உன் இரண்டாவது கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவே ஒரு வாரம், பதினேழில் திரும்ப வேண்டும் என்கிறாய். வாத்தியார் வேதாச்சலம் அட்லஸில் நூல் வைத்து அளந்து, ஆயிரத்தெண்ணூறு மைல்தான், இன்னாண்ணா நீ, காலைல துன்னுட்டு ஏறினா ஏழு மணி நேரத்துல மீனம்பாக்கத்துல எறங்கிடும் என்று சிரிக்கிறார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. காப்புக் கட்டின பிறகு ஊருக்குள் கால் வைத்தவர் அதை அவிழ்க்கும் வரை எல்லை தாண்டக்கூடாது என்பது உனக்குத் தெரியாததா. நீங்கள் உள்ளே வந்தால் மாப்பிள்ளையின் வேலை போகும், நாங்கள் மெட்ராசுக்கு வரலாமென்றால் எங்கள் கையில் காப்பு. பேரன் முகத்தைப் பார்க்காமலே திருப்பி அனுப்புவதா என்று பூசாரி முனியப்பனிடம் ஓடினேன். வானத்தில் வருகிறவளுக்கு ஏது எல்லை என்று கேட்டதற்கு, வானத்துல வந்தா இன்னா, எறங்கி நடந்துதானே வரணும் என்றார். சர்க்காரே இந்த மாதம் திருத்தணியை மெட்ராசுக்குக் கொடுத்து எல்லையை மாற்றவில்லையா, கங்கம்மா கொஞ்சம் நகர்த்தினால் என்ன என்றேன். கங்கம்மா அர்ஜி வாங்கறதில்ல என்றுவிட்டார். கூட வந்திருந்த உன் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். நடக்கத் தெரியாத புள்ளைக்கு ஏது எல்லை, தூக்கிக்கினு வந்து தூக்கிக்கினு போனா கங்கம்மா கோவிச்சுக்குவாளா என்றாள். முனியப்பன் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார், கடைசியில் நடக்காத புள்ளன்னா சரி என்றார்.

ஆகவே பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை புத்தூர் ரோட்டு எல்லைக்கல்லுக்கு வந்துவிடுங்கள். நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பேரனை மட்டும் இப்படி நீட்டு, பொழுது சாய்ந்ததும் தருகிறோம். அம்மா சாப்பாடு கொண்டுவருவாள், காப்பு நாள் என்பதால் தாளித்திருக்க மாட்டாள், மாப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். விமானத்தில் காது அடைக்குமாம், பஞ்சு வைத்துக்கொள்.

நீங்கள் மூவரும் நூறாண்டு நிறைவாக இருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று, மறந்துவிடாதே. பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆனாலும் எங்கள் கைக்கு வந்து சேருகிற வரை அவனுக்கு நடை பழக்கிவிடாதே, அம்மா.

உன் நைனா
செங்கல்வராயன்