மினிட்ஸில் நான் சேர்த்த வார்த்தை

நண்பா,

இன்று காலை பால் வாங்கப் போனபோது தெருமுனை இஸ்திரிக்காரர் ஒரு காக்கிச் சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பெட்டியை வைத்ததும் கஞ்சி வேகிற வாசனை எழுந்தது. பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். சங்கராபுரத்தில் நாம் பக்கத்துப் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த பதினோரு வருடமும் காலையில் உன் வீட்டுப் பக்கமிருந்து வந்த வாசனை அது. "இன்னா சார், துணி எதனா போடணுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் சாவுக்கு நான் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ ஏட்டு. நான் ஒரு அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தர். என் நோட்டைப் பார்த்து நீ செய்யாத கேலி கிடையாது. "இது இன்னாபா, கோழி மையில கால வச்சிட்டு நடந்தா மாதிரி கீது. இதுக்கு உனுக்கு சம்பளம் வேற தர்றானுங்க" என்பாய். எனக்குக் கோபமே வராது. மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் உன் வண்டி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம், நீ பேசப் பேச நான் பின்னால் உட்கார்ந்து தொடைமேல் விரலால் சுருக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். பழக்கதோஷம்.

என் தொழிலில் ஒரு முறை உண்டு. கூட்டத்தில் பேசுவதை ஒன்றுவிடாமல் நோட்டில் எடுப்போம். ஆனால் கூட்டக் குறிப்பான மினிட்ஸை டைப் அடிக்கும்போது பேசியபடி எழுதமாட்டோம். 'அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கு' என்று மேலே இருப்பவர் கத்தினால், 'உரிய ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அறிவுறுத்தப்பட்டது' என்று வரும். பச்சையாக எழுதுகிறவனைத் தொழில் தெரியாதவன் என்பார்கள். நான் அதில் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் உன்னைக் கெடுத்தேன்.

விருந்தினர் மாளிகையில் நடந்த அந்தக் கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அப்போது மந்திரியாக இருந்தவர் ஆய்வுக்கு வந்திருந்தார். அவருடைய மைத்துனர் வீட்டில் நகை களவு போய் நான்கு நாள் ஆகியிருந்தது. கரும்பு வெட்டக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த வெள்ளையனைச் சந்தேகத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். நீ கதவருகே பந்தோபஸ்து. நான் மேசைக் கோடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ரோடு, குடிதண்ணீர் எல்லாம் பேசி முடித்த பிறகு மந்திரி போலீஸ் அதிகாரிகள் பக்கம் திரும்பினார்.

"இன்னாய்யா, மலக்காரன் ஒருத்தன் வாயத் தொறக்க வக்க முடியலியா உங்களால? கை காலு போனாலும் பரவால்ல, ஒழுங்கா கவனிங்க. கேஸு கீஸு வந்தா நான் பாத்துக்கறேன்."

யாரும் தலை நிமிரவில்லை. என் பென்சில் மட்டும் ஓடியது. ஒரு சொல் விடவில்லை.

திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே நீ கேட்டாய். "கேட்டியாபா அவரு சொன்னத?"

"கேட்டேன். நோட்டுல எழுதியும் வச்சிட்டேன்."

"இது என் தலயிலதான் வந்து விடியும், பாரு" என்றாய். அப்போதே நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிடு, லீவு போட்டுவிட்டு எங்காவது போய்விடு, என்னத்தையாவது. ஒன்றும் சொல்லவில்லை. வழியில் நிறுத்தி டீ குடித்தோம்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் உன்னைத்தான் கூப்பிட்டார். நீ அடித்தாய். இதை உனக்காக நான் பூசி மெழுக மாட்டேன். மெழுகியதெல்லாம் போதும். வெள்ளையனின் கைகளைப் பின்னால் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டீர்கள். மூன்றாம் நாள் இறக்கியபோது அவருடைய இரண்டு கைகளும் தோளிலிருந்து விளங்காமல் போயிருந்தன. நகை அடுத்த மாதம் வேறு யாரிடமோ கிடைத்தது. வெள்ளையனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நீ அங்கே அடித்துக்கொண்டிருந்த அதே நாளில் நான் இங்கே மினிட்ஸ் அடித்தேன். 'மேற்படி களவு வழக்கில் சட்டத்திற்கு உட்பட்டு விசாரணையைத் துரிதப்படுத்துமாறு மாண்புமிகு அமைச்சர் அறிவுறுத்தினார்.' இப்படி எழுது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 'சட்டத்திற்கு உட்பட்டு' என்று மந்திரியும் சொல்லவில்லை, என் அதிகாரியும் சொல்லவில்லை. வாக்கியம் மொட்டையாக இருந்ததுபோல் தோன்றியது, கை தானாகச் சேர்த்துவிட்டது. அதிகாரி படித்துப் பார்த்து, "நல்லா வந்திருக்குய்யா" என்று கையெழுத்துப் போட்டார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளையனின் கைகள் போனதற்காக வழக்கு வந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்ற மந்திரி தன்னைப் பார்த்துக்கொண்டார். அந்த மூன்று நாளும் இன்ஸ்பெக்டர் விடுப்பில் இருந்ததாகப் பதிவேடு சொன்னது. கூட்டத்தில் இருந்த மற்றவர்களுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. மிச்சம் இருந்தது நீ ஒருவன்தான். மேலிடம் சொல்லித்தான் நடந்தது என்று உன் வக்கீல் அந்த மினிட்ஸை வரவழைத்தார். என் வாக்கியம் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் நீ என் வீட்டுக்கு வந்தாய்.

"அந்த நோட்டு கீதா?"

"எந்த நோட்டு?"

"வெளையாடாதபா. நான் அடிக்கலன்னு சொல்லல. எனுக்குக் குடுக்கறத குடுக்கட்டும், வாங்கிக்கறேன். அடிக்கச் சொன்னவனும் வந்து பக்கத்துல நிக்கணும், அவ்ளோதான் கேக்கறேன். நீ வந்து அத்த படிச்சினா போதும்."

மினிட்ஸ் கையெழுத்தானதும் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவோம் என்றேன். வழக்கம் அதுதான். ஆனால் அந்த நோட்டை நான் கிழிக்கவில்லை. நீ உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் அது இருந்தது. நான் ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. பொய் சொன்னதோடு நின்றேனா? உனக்கு நியாயம் வேறு பேசினேன். ஆட்சியில் இருக்கிறவர் ஆத்திரத்தில் ஆயிரம் சொல்வார், வாயால் சொன்னதற்கெல்லாம் கேஸ் போட ஆரம்பித்தால் நாட்டை எவன் ஆளுவான் என்றேன்.

"அவரு வாயால சொல்லலன்னா என் கை ஏன்பா எழுந்துது?" என்றாய். கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து போனாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

அமைச்சர் சட்டத்திற்கு உட்பட்டு என்று தெளிவாகச் சொல்லியிருந்தும் எதிரியான ஏட்டு தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டார் என்று தீர்ப்பில் எழுதினார்கள். உன்னைக் கொண்டுபோனார்கள். ஜெயிலில் இரண்டாம் வருடம் நெஞ்சுவலி வந்து நீ போய்விட்டாய். ஒரு தடவைகூட மனு போட்டு உன்னைப் பார்க்க நான் வரவில்லை.

போன மாதம் பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். வெள்ளிமலையில் இறங்கி விசாரித்து நடந்தேன். வெள்ளையன் வாசலில் உட்கார்ந்திருந்தார், அவர் மனைவி சாமைச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். நீ இறந்ததைச் சொன்னேன்.

"ஏட்டய்யா செத்துட்டாரா?" என்றார் வெள்ளையன். "அடிக்கறப்ப மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினாரு சார். நான் பாத்தேன். அதுக்காவ வலி ஒண்ணும் கம்மியாவல."

நோட்டைப் பிரித்து மந்திரி பேசியதைப் படித்துக் காட்டினேன். இத்தனை வருடமாக அவருக்கு அது தெரியாது. கோர்ட்டில் பேசிய 'மேலிடம்', 'மினிட்ஸ்' எதுவும் அவருக்கு விளங்கியிருக்கவில்லை. நீயாகவே அடித்தாய் என்றுதான் நினைத்திருந்தார்.

"மந்திரியா? அவருக்கு என்னயத் தெரியுமா சார்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். இவர் பெயரைக்கூட அன்று மந்திரி சொல்லவில்லை.

அவர் மனைவி சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இத்த இப்ப எங்ககிட்ட வந்து படிச்சி இன்னாங்க பண்றது? அன்னிக்கி கோர்ட்டுல படிக்காம எங்க போயிருந்தீங்க?"

இதே கேள்வியை நீ கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். அந்த அம்மாவிடம் முடியவில்லை. பயந்துகொண்டு வீட்டில் இருந்தேன், இப்போது கோர்ட்டில் வந்து படிக்கிறேன் என்றேன்.

மூவரும் சேர்ந்து மலையிறங்கி ஒரு வக்கீலைப் பார்த்தோம். மந்திரியாக இருந்தவர்மேல் வழக்குப் போட அரசாங்கம் அனுமதி தர வேண்டுமாம். அதற்கே வருடங்கள் ஆகும், இன்றும் அவருக்குச் செல்வாக்கு இருக்கிறது என்றார். "போடலாம் சார். ஆனா நோட்ட நீங்கதான் படிக்கணும். உங்க எழுத்து உங்களத் தவிர ஒருத்தருக்கும் புரியாது" என்றார். அது உண்மைதான். ஒவ்வொரு சுருக்கெழுத்தரும் தனக்கென்று நாலு குறுக்குவழி வைத்திருப்பான். நான் போய்விட்டால் அது நீ சொன்ன கோழிக்கால்தான். எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. சீக்கிரம் வாக்குமூலம் பதிவு செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அன்று உன்னிடம் பேசிய நியாயத்தை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மந்திரியை விசாரிக்கத்தான் வேண்டும். சொன்னவரை விட்டுவிட்டு அடித்தவனை மட்டும் உள்ளே போட்டால், அடுத்து வருகிற மந்திரிக்கும் கூப்பிட்டவுடன் வர ஒரு ஏட்டு இருப்பான். அதை மெழுகி எழுத என்னைப் போல ஒருவனும் இருப்பான். இந்த வழக்கு நிற்குமா என்று எனக்குத் தெரியாது. உனக்கு இதனால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அன்றே நான் வந்து படித்திருந்தாலும் நீ ஜெயிலுக்குத்தான் போயிருப்பாய். அடித்த கை உன்னுடையது. நீயும் தப்பிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கவில்லை.

வெள்ளையனையும் அவர் மனைவியையும் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும் முன் வெள்ளையன் ஜன்னல் பக்கம் குனிந்து ஒன்று சொன்னார். தீர்ப்பு வந்த அன்று அவரும் கோர்ட்டில் இருந்தாராம்.

"ஜட்ஜய்யா படிச்சிக்கினே இருக்காரு, ஏட்டய்யா திரும்பித் திரும்பி வாசலயே பாத்துக்கினு இருந்தாரு சார். யாரு வருவாங்கன்னு பாத்தாருன்னு தெரியல."

எனக்குத் தெரியும். அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.